காய்ச்சல் பார்த்துக் கட்டு

தானியத்துக்குச் சோளம் விதைக்கிற காடு வேறு, தட்டுக்கு விதைக்கிற காடு வேறு. தானியத்துக்கென்றால் ஏக்கருக்கு 5, 6 கிலோ விதை தாராளம். தட்டுக்கென்றால் 15 கிலோவுக்குக் குறையாமல் நெருக்கி விதைப்போம். நெருக்கம் இருந்தால்தான் பயிர் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு உயரும், தண்டு சுண்டுவிரல் பருமனோடு நின்றுவிடும். தண்டு தடித்துவிட்டால் மாடு தோகையை மட்டும் உருவித் தின்றுவிட்டு அடித்தட்டைக் கட்டுத்தரையில் மிதித்துப் போடும். ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே, கொல்லிமலை தெரிகிற செம்மண் மேட்டுக்காட்டில், எங்கள் வீட்டுக்கு எப்போதும் ஒரு பங்கு நிலம் தட்டுக்கென்றே ஒதுங்கியிருக்கும். வெங்காயம், மரவள்ளி, கடலை எல்லாம் விலையைப் பார்த்து இடம் மாறும். தட்டுக்காடு மாறாது. மழை நாலு மாதம், மாடு தின்பது பன்னிரண்டு மாதம். மீதி எட்டு மாதத்தைத் தாண்டத்தான் இந்தப் பாடு.

எங்கள் அப்பாரு காலத்தில் வண்டி மாடும் எருமையும். அப்பா காலத்தில் ஊருக்குப் பால் சொசைட்டி வந்து கலப்பினப் பசுக்கள் வந்தன. என் காலத்தில் அதோடு ஒரு டிராக்டரும் வைக்கோல் சுருட்டுகிற பேலரும் சேர்ந்தன. மூன்று தலைமுறைக்கும் வேலை ஒன்றுதான்: அறுக்க வேண்டும், காய வைக்க வேண்டும், கட்ட வேண்டும், அடுத்த மழைவரை கெடாமல் வைத்திருக்க வேண்டும். இந்த நாலில் அறுப்பதற்கும் கட்டுவதற்கும் மெஷின் வந்துவிட்டது. காய வைப்பதற்கு எங்கள் பக்கம் இன்னும் வெயிலும் காற்றும் ஆளின் கையும்தான். தீவனம் நன்றாக அமைவதும் பாழாவதும் அங்கேதான்.

முதலில் அறுக்கிற பருவம். கதிர்ப் பூட்டை தள்ளாத சோளத்தில் மாட்டை விடக்கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். இளஞ்சோளத்தில் விஷம் உண்டு. மழையில்லாமல் வாடி நிற்கிற இளம்பயிரில் இன்னும் அதிகம். அறுத்த கட்டையிலிருந்து துளிர்த்து முழங்கால் உயரத்துக்கு வருகிற பயிரும் அப்படித்தான். அப்பாரு அறுத்த காட்டைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுவார். பக்கத்துக் காட்டு வெள்ளாடு கூட நுழையக் கூடாது. ஏன் என்று கேட்டால், "தின்ன மாடு நின்ன எடத்துலயே உழுந்துரும் கண்ணு" என்பதற்கு மேல் அவரிடம் விளக்கம் கிடையாது.

விளக்கம் பிறகு கிடைத்தது. நாமக்கல்லில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. மாட்டைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிற இடத்தில் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சோளத்தின் இலையிலும் குருத்திலும் துரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மாடு மென்று கசக்கினதும் அது உடைந்து ஹைட்ரோசயனிக் அமிலமாக மாறுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. சில நிமிஷங்களில் மூச்சுத் திணறி விழுந்துவிடும். சோடியம் தயோசல்ஃபேட் ஊசியை நேரத்துக்குப் போட்டால் பிழைக்க வழி உண்டு. பயிர் முற்ற முற்ற விஷம் குறைகிறது, வெயிலில் காய்ந்தால் இன்னும் குறைகிறது. பாதிக் காடு பூத்த பிறகு அறு என்று புத்தகம் சொல்கிறது. அறுபது நாளுக்கு மேல் ஆகும். பூட்டையில் பால் பிடித்ததும் அறு என்று அப்பாரு சொன்னார். காய வைத்துப் போராக அடுக்குகிற தட்டுக்கு நான் அப்பாரு சொன்னதையே வைத்துக்கொண்டேன். பால் பிடிக்கும்போது தண்டில் இனிப்பு இறங்கியிருக்கும். தானியம் முற்றிவிட்டால் அந்தச் சத்தெல்லாம் மணிக்குப் போய்விடும், மிஞ்சுவது வெறும் தட்டு.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001இல் வெளியிட்ட கோ எஃப்.எஸ். 29 என்கிற மறுதாம்புத் தீவனச் சோளத்தை இப்போது எல்லோரும் வைத்திருக்கிறார்கள். முதல் அறுப்பு 65 நாளில், பிறகு 50 நாளுக்கு ஓர் அறுப்பு. கிணற்றில் தண்ணீர் இருக்கிற தோட்டத்துக்கு அது பெரிய கொடை. எங்கள் வீட்டிலும் ஒரு பாத்தி உண்டு. அதைப் பச்சையாகப் போடுவதுதான் தோது. போருக்கு மானாவாரிச் சோளமே சரி என்பது என் கட்சி. புரட்டாசி மழையில் விதைத்தது மார்கழிக் கடைசியில் அறுப்புக்கு வரும். மழை விட்டிருக்கும், பனி இருக்கும், தை வெயில் காத்திருக்கும். காய வைப்பதற்கு வருஷத்தில் அதைவிட நல்ல நாள் கிடையாது.

அறுப்பு விடியற்காலையில். தோகையில் பனி இருக்கும்போது அதன் விளிம்பு கையைக் கிழிக்காது, சுணையும் அடங்கியிருக்கும். வெயில் ஏறினால் சுணை பறந்து கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் அரிக்கும். அறுக்க வருகிற பெண்கள் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலைக்கு இறுக்கித் துண்டு கட்டிக்கொண்டு வருவார்கள். இடது கை நாலைந்து தட்டைச் சேர்த்து வளைத்துப் பிடிக்கும், வலது கையில் பன்னருவாள் மண்ணை ஒட்டிப் போகும். மண்ணை ஒட்டி அறுப்பது முக்கியம். சாண் உயரம் கட்டை விட்டால் ஏக்கருக்கு ஒரு வண்டித் தட்டு காட்டிலேயே நின்றுவிடும். எங்களிடம் வெகுகாலம் அறுத்த ஒரு பெரியம்மா குனிந்தால் வரப்பு வரும்வரை நிமிராது. "தம்பி, நடுவுல நிமுந்தாத்தான் இடுப்பு வலிக்கும்" என்று சொல்லும். கூலியில் ஒரு பங்கு பணம், ஒரு பங்கு தட்டுக் கட்டு. அந்த வீடுகளிலும் ஒரு எருமையாவது நின்ற காலம் அது. அந்த வீடுகளில் மாடு இல்லாமல் போனபிறகு கட்டுக்கு அறுக்க ஆள் வருவதில்லை. எங்கள் பக்கம் அறுப்புக் கூலி உயர்ந்ததில் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அறுத்த தட்டில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். கட்டிப் போர் போடும்போது அது நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். நாலு டன் பச்சைத் தட்டு ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான் நிற்கும். மீதி அத்தனையும் காற்றில் போக வேண்டிய தண்ணீர். அது ஒரே சீராகப் போனால் வேலை சுலபம், அப்படிப் போவதில்லை. தோகை ஒரே வெயிலில் சருகாகிவிடும். தண்டுக்கு இரண்டு மூன்று வெயில் வேண்டும். கணு எல்லாவற்றுக்கும் பிந்தும். தோகையைப் பார்த்துக் கட்டினால் உள்ளே கணு பச்சையாக இருந்து போரில் புழுங்கும். கணு காயட்டும் என்று காட்டிலேயே போட்டு வைத்தால் தோகை நொறுங்கி மண்ணில் உதிரும். மாட்டுக்குச் சத்து இருப்பது தோகையில்தான். அதிக வெயில் பட்டுத் தட்டு வெளுத்தாலும் நஷ்டம். அந்தப் பச்சை நிறத்தோடு மாட்டின் கண்ணுக்கும் சினைக்கும் வேண்டிய சத்தும் போய்விடுகிறது என்று கல்லூரியில் சொன்னார்கள். பச்சை மாறாமல் காய்ந்த தட்டுக்கு லேசான வெல்ல வாசம் உண்டு. அந்த வாசம் வந்த கட்டைப் பிரித்துப் போட்டால் மாடு தலையைத் தூக்காமல் தின்னும்.

இதற்கு எங்கள் வீட்டு முறை இதுதான். அறுத்த தட்டை அரியரியாக, அடி ஒரு பக்கம் தோகை ஒரு பக்கமாகக் காட்டிலேயே பரப்பிவிடுவோம். முதல் நாள் வெயிலுக்குப் பிறகு மறுநாள் காலையில் புரட்டிப் போடுவோம். இரண்டாவது வெயிலில் தோகை பாதிக்கு மேல் காய்ந்ததும் கையளவு கத்தையாகச் சேர்த்து, இடுப்பில் ஒரு கட்டு மட்டும் போட்டு, ஏழெட்டுக் கத்தையை ஒன்றோடு ஒன்று சாய்த்துக் கூம்பாக நிறுத்திவிடுவோம். தோகை மேலே ஒன்றுக்கொன்று நிழலாகிவிடும், அடித்தட்டுகளுக்கு நடுவில் காற்று புகுந்து போகும். வெயிலில் காய்கிற வேலை அங்கே முடிந்து காற்றில் காய்கிற வேலை தொடங்குகிறது. கூம்பில் தட்டு எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இல்லை. வாடைக் காற்று வறண்டு அடித்தால் சீக்கிரம், மூட்டம் போட்டால் ஒரு வாரம். "கணுவைக் கீறிப் பாரு கண்ணு. நகத்துல பசை ஒட்டுச்சுன்னா இன்னொரு வெயிலு வேணும்" என்பார் அப்பாரு. நகத்தால் கீறுவது, இரண்டு கையாலும் முறுக்கிப் பார்ப்பது, உடைகிற சத்தத்தைக் கேட்பது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததுதான் காய்ச்சல் பார்ப்பது. முறுக்கும்போது தண்டு நார் நாராகப் பிரிந்தால் ஈரம் இருக்கிறது. பட்டென்று விண்டால் கட்டலாம்.

கையில் சந்தேகம் வந்தால் உப்பு வைத்துப் பார்க்கலாம். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி தட்டைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஈரமில்லாத தூள் உப்பு ஒரு கரண்டி போட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். சற்று நேரம் கழித்து உப்பு கட்டி தட்டியிருந்தாலும் பாட்டில் ஓரத்தில் ஒட்டியிருந்தாலும் காய்ச்சல் போதாது. உதிரியாக இருந்தால் சரி. ஈரமானி வாங்க வசதி இல்லாதவர்கள் இதைச் செய்யலாம், நானே இன்றைக்கும் செய்கிறேன்.

கட்டுக் கட்டுவது மட்டும் மறுபடி விடியற்காலையில். உச்சி வெயிலில் கையை வைத்தாலே தோகை பொடியாகும். பனி இறங்கினால் தோகை துவண்டு கொடுக்கும். ஆனால் பனி ஈரத்தையும் தண்டு ஈரத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பனி மேலோடு நிற்பது, வெயில் ஏறினால் கட்டிய பிறகும் போய்விடும். தண்டுக்குள் இருப்பது போகாது.

போர் போடுவது தனிக் கைவேலை. ஊரில் இரண்டு பேருக்குத்தான் அது கைவந்திருக்கும். தை, மாசியில் அவர்களைப் பிடிக்கவே முடியாது. மேடான இடம், அடுப்புப் புகை வராத பக்கம், மின்கம்பிக்குக் கீழே இல்லாத இடம் பார்த்து, அடியில் கல் பரப்பி அதன்மேல் பனங்கட்டையோ கருவேலங்கட்டையோ குறுக்கே போடுவோம். கல்லுக்கும் கட்டைக்கும் நடுவில் அடுப்புச் சாம்பல். கரையான் ஏறாமலிருக்க அது. வட்டமாக முதல் வரிசை அடுக்கும்போது அடித்தட்டு வெளியே, தோகை உள்ளே. நடு எப்போதும் ஓரத்தைவிட ஒரு முழம் உயரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கட்டும் வெளிப்பக்கம் சரிந்து நிற்கும், மேலே விழுகிற மழை தட்டு வழியாக வெளியே சொட்டும். நடு தாழ்ந்துவிட்டால் அத்தனை தண்ணீரும் தோகை வழியாகப் போரின் வயிற்றுக்குள் போகும். ஆள் உயரம் வந்தபின் வட்டத்தைக் குறுக்கிக்கொண்டே போய் முகடு கூட்டி, மேலே வைக்கோல் வேய்ந்து, பிரி போட்டு, பிரியின் நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவோம். எடுக்கும்போதும் மேலே ஏறி எடுக்கக் கூடாது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். அதனால் தென்மேற்கு ஓரமாகக் கீழிருந்து உருவிக்கொண்டே போக வேண்டும். நன்றாகப் போட்ட போர் இரண்டு வருஷம் தாங்கும்.

புதுப் போருக்குப் பதினைந்து நாள் காவல் தேவை. ஒரு நீளமான இரும்புக் கம்பியை நடுவயிறு வரைக்கும் குத்தி வைத்திருப்போம். காலையில் உருவி, உள்ளே இருந்த முனையைப் பிடித்துப் பார்ப்போம். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. பிடிக்க முடியாத சூடு என்றால் அன்றே போரைப் பிரித்துக் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு அமுக்கிய தீவனத்தில் நுண்ணுயிர் வேலை செய்து சூடு ஏறும், சூடு ஏற ஏற உள்ளே கருகும், காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும். இது உலகம் முழுக்க உள்ள ஆபத்து. ரோமாபுரியில் 1ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, ஈரப் புல்லைச் சேர்த்து வைத்தால் சூடேறித் தீப்பிடிக்கும் என்று அப்போதே எச்சரித்திருக்கிறார். தீப்பிடிப்பது அபூர்வம். பூசணம் பிடிப்பது அன்றாடம். வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூசணம் படர்ந்த தட்டைத் தின்றால் பால் குறையும், கழிச்சல் எடுக்கும், சினை மாட்டுக்குக் கரு கலையும். அதைப் பிரித்து உதறுகிற ஆளுக்கும் இருமல் பிடிக்கும்.

கடலைக்கொடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் காட்டுக்குச் செய்கிற துரோகம். உலர்தீவனத்தில் ராஜா அதுதான். சோளத்தட்டிலும் வைக்கோலிலும் இருப்பதைவிட இரண்டு பங்குக்கு மேல் புரதம். வண்டி மாடுகளுக்கும் கறவைக்கும் எடுத்துவைத்துப் போடுவோம். ஆனால் காய்ச்சலில் அதைப்போல ஆளைப் படுத்துவது வேறு இல்லை. இலை நொறுங்கி வெறும் கொடி மிஞ்சும். இரவு மழை ஒன்று விழுந்தால் முழுக்கக் கறுத்துப்போகும். வேர் மண்ணை உதறாமல் சேர்த்தால் மாட்டின் வயிற்றில் மண் சேரும். கேழ்வரகுத் தாள், கம்பந்தட்டு, உளுந்துப் பொட்டு, துவரைப் பொட்டு என்று மற்றவையும் உண்டு. ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வருகிற மரவள்ளித் திப்பியும் உண்டு. எல்லாம் துணைக்கு.

இப்போது தட்டுக்காடு சுருங்கிவிட்டது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் வேண்டும், ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டும். சோளக் காடுகள் அவற்றுக்குப் போய்விட்டன. மக்காச்சோளத் தட்டு தடித்தது, கதிர் முற்றும்வரை விட்டு எடுப்பதால் சத்தும் போய்விட்டிருக்கும். நறுக்கிப் போட்டாலும் மாடு பாதிதான் தின்னும். அதனால் எங்கள் பக்கத்துக் கட்டுத்தரைகள் வைக்கோலை நம்பத் தொடங்கின. ராஜவாய்க்கால் பாயும் பரமத்திவேலூர், மோகனூர் பக்கத்து நெல் போதாது. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வரவேண்டியிருக்கிறது. சேலம் மாவட்டத்து மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தால் டெல்டாவில் குறுவை நடவு, அந்தக் குறுவை அறுத்தால் எங்களுக்கு ஐப்பசி வைக்கோல். 2024இல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். அணைத் தண்ணீரில் ஒரு சொட்டும் பாயாத மேட்டுக்காட்டுக்காரன் நான், இருந்தாலும் நீர்மட்டத்தைத் தினம் பேப்பரில் பார்க்கிறேன்.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் புதன்சந்தைக்கும் வீரகனூர் சந்தைக்கும் வந்த மாடுகளின் விலாவை எண்ணலாம். அரசு உலர்தீவனக் கிடங்குகளைத் திறந்து வைக்கோலை மானிய விலையில் கொடுத்தது. வரிசையில் நின்று வாங்கித்தான் பலர் மாட்டைக் காப்பாற்றினார்கள். எங்கள் கட்டுத்தரையில் ஒரு மாடும் சந்தைக்குப் போகவில்லை. முந்தின வருஷத்துத் தட்டுப்போர் ஒன்று பிரிக்காமல் நின்றது. அப்பா அதைப் பிரிக்க விடாமல் வைத்திருந்தார். தன் மாட்டுக்கு எடுத்தது போக, சினை மாடு வைத்திருந்த அக்கம்பக்கத்துக்குக் கட்டுக் கணக்கில் கடனாகக் கொடுத்தார். அடுத்த விளைச்சலில் தட்டாகவே திருப்பிக் கொடுத்தார்கள். பேலர் வாங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த வருஷத்தில்தான் உறுதிப்பட்டது.

அறுவடை மெஷின் வந்தபிறகு வைக்கோலின் குணம் மாறிவிட்டது. கையால் அறுத்துக் களத்தில் அடித்த வைக்கோல் நீளமாக, ஒரே போக்கில் இருக்கும். மெஷின் துப்பின வைக்கோல் துண்டு துண்டாக வயலில் கிடக்கும். பெல்ட் வண்டியின் தடத்தில் அமுங்கிச் சேற்றோடு ஒட்டியிருக்கும். கூலி கொடுத்து அதை அள்ளிக் கட்டினால் விலைக்குக் கட்டாது, அதனால் கொளுத்திவிடுவார்கள். பேலர் அந்த வைக்கோலைக் காப்பாற்றியது. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலிருந்து ஓட்டம் எடுத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் இரும்பு விரல்கள் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளே சுற்றிலும் உருளைகள். வைக்கோல் அவற்றுக்கு நடுவில் புரண்டு புரண்டு சுருளும். அறை நிறைந்ததும் மணி அடிக்கும். வண்டியை நிறுத்தினால் நூல் சுற்றிக்கொள்ளும், பின்கதவு திறந்து சுருட்டு வெளியே விழும். காய்ந்த நெல் வைக்கோல் என்றால் ஒரு சுருட்டு 15 முதல் 20 கிலோ. மேல்நாட்டில் பெரிய மெஷினில் கட்டுவது ஒன்றே 300 கிலோவுக்கு மேல் இருக்கும், அதைத் தூக்க வேறு வண்டி வேண்டும். நம் சுருட்டை ஒரு ஆள் தோளில் தூக்கி லாரியில் எறிந்துவிடுவார்.

பேலர் ஓட்டுகிற தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது, அடைத்துக்கொண்டால் டிராக்டரை நிறுத்திச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பது. பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று. வைக்கோல் பிடிபட்டதும் கையை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களின் கையை அது விடாது. பேரிங்கில் வைக்கோல் சுற்றிச் சூடாகிறதா என்று மணிக்கொரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும், தண்ணீர்க் கேன் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். நூல் விஷயம் வாங்குகிறவர்களுக்கு. பிளாஸ்டிக் நூலை அறுத்து முழுக்க உருவி எடுத்த பிறகே சுருட்டைப் பிரித்துப் போட வேண்டும். மாட்டின் வயிற்றில் அந்த நூல் சேர்ந்து பந்தாகிவிட்டால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். விலை கூடினாலும் சணல் நூலே நல்லது.

மாசியில் பேலரோடு மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் போகும்போது காய்ச்சல் பிரச்சினை வேறு வடிவத்தில் வருகிறது. அங்கே சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்த வயலில் உளுந்து முளைத்து நிற்கும். மேலே வைக்கோல் கிடந்தால் முளை அமுங்கிப்போகும், அதன்மேல் வண்டியை அடிக்கடி ஓட்டினாலும் கெட்டுப்போகும். வயல்காரருக்கு அவசரம். "அண்ணே, இன்னைக்கே சுத்திட்டுப் போயிடுங்க" என்று கையைப் பிடிப்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அறுத்த அன்றே வைக்கோலின் அடிப்பக்கம் பச்சை ஈரம். அதைச் சுருட்டினால் 25, 30 கிலோ கனக்கும். பத்தாம் நாள் சுருட்டுக்குள் கையை விட்டால் சூடும் புழுக்கமும். கூலி சுருட்டுக் கணக்கில் என்பதால் ஓட்டுகிறவருக்கு எப்படிச் சுருட்டினாலும் காசு. விற்பதும் சுருட்டுக் கணக்கில் என்பதால் நூலைத் தளர்த்தி எண்ணிக்கையைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தளர்ந்த சுருட்டில் காய்ச்சல் சரியாக இருக்கும், எடை இருக்காது. இறுகிய ஈரச் சுருட்டில் எடை இருக்கும், பாதி எடை தண்ணீர். வாங்குகிற நாமக்கல் பண்ணைக்காரர் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கிறார். மூன்று இடத்திலும் காய்ச்சலைக் கேட்க ஆள் இல்லை. எங்கள் அப்பாருவின் நகம் கேட்ட கேள்வி அது.

சிலர் பூசணம் தட்டின வைக்கோலை யூரியா போட்டுச் சரிபண்ணலாம் என்று கேட்கிறார்கள். முடியாது. யூரியா சிகிச்சை நல்ல வைக்கோலை இன்னும் சத்தாக்குவதற்கு: 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்துப் பிறகு ஆற்றிப் போட வேண்டும். அளவு தப்பக் கூடாது, ஆறு மாதத்துக்குள் உள்ள கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. கெட்டதை அது மீட்காது.

நான் எடுத்துக்கொண்ட வழி சுலபமானது, நஷ்டமும் உள்ளது. அறுத்த மறுநாள் ஒரு முறை ரேக் விட்டு வைக்கோலைப் புரட்டி வரிசை கூட்டி, அதற்கு மறுநாள் பத்து மணிக்கு மேல் சுருட்டுகிறேன். உளுந்து முளைத்து இலை விட்ட வயலுக்கும் அவசரப்படுத்துகிற வயலுக்கும் போவதில்லை. சீசனில் மற்ற வண்டிகள் ஓடுகிற ஏக்கரில் என் வண்டி பாதிதான் ஓடும். சோளத்தட்டையும் மெல்லிய தண்டாக இருந்தால் இதே பேலரில் சுருட்டிப் பார்த்தேன், வருகிறது. தடித்த தட்டு உருளையில் சிக்குகிறது, அதைக் கையால் கட்டிப் போர் போடுவதே மேல்.

ஊருக்கு வந்த லோடை இப்போது எடைமேடையில் ஏற்றி, கிலோ கணக்கில்தான் கொடுக்கிறேன். கொடுப்பதற்கு முன்னால் எந்தச் சுருட்டை வேண்டுமானாலும் வாங்குகிறவரே தேர்ந்தெடுத்து வெட்டிப் பார்க்கலாம், நடுவில் சூடோ கறுப்போ இருந்தால் அந்த லோடுக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் ஒப்புக்கொண்டவர்கள் கறவை மாட்டுக்காரர்கள், அதிலும் மாட்டுக்குத் தங்கள் கையால் தீனி போடுகிற பெண்கள். சுருட்டின் நடுவிலிருந்து ஒரு பிடி உருவி, முறுக்கிப் பார்த்து, மோந்து பார்த்துவிட்டு, "இது பரவால்லைங்க, எறக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். வியாபாரிகள் இன்னும் சுருட்டுக் கணக்கையே கேட்கிறார்கள். வரும் தையில் எங்கள் ஊர்ச் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்களெல்லாம் சேர்ந்து ஒரே லோடாக எடை போட்டு வாங்குவதாகப் பேச்சு நடக்கிறது. அதற்குள் என் மகன் ஈரமானி ஒன்று வாங்கச் சொல்கிறான். வாங்கலாம், கணுவைக் கீறவும் அவன் கற்றுக்கொள்ளட்டும் என்றிருக்கிறேன்.